இரண்டாயிரத்து இருநூறு வாட்

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் கனடாவின் வினிபெக் சமவெளிக்குக் குளிர் எச்சரிக்கை எழுதியவன் நான்தான், மொன்றியல் வானிலை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு. காற்று வீசுவதால் உடலுக்கு உறைக்கும் குளிரை அப்போதெல்லாம் வாட் கணக்கில் சொல்வோம். அது ஒருவருக்கும் புரியாது என்று மேலதிகாரியிடம் கத்தியும் பார்த்துவிட்டேன்.

அன்று மாலை மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் என் பக்கத்து வீட்டுப் பேரின்பநாதன் தொலைபேசியும் கையுமாகச் சிரித்தார்.

"ஆனந்தண்ணை, டிவியிலை பாத்தனான். வினிபெக்கிலை இண்டைக்கு ஆயிரத்து அறுநூறு வாட், நாளைக்கு ரெண்டாயிரத்து இருநூறாம். என்ரை ஹீற்றரே ஆயிரத்து ஐநூறுதான்! வெக்கை கூடுது, நடந்தே வேலைக்குப் போ எண்டு அங்கை இருக்கிற மச்சானுக்குச் சொல்லப்போறன்."

"ஐயோ, அது காத்து குடுக்கற சூடு இல்லீங்க! நம்ம ஒடம்புலேருந்து புடுங்கற சூடு!"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு தொலைபேசியில் எண்களை அழுத்தினார்.

"மச்சான், ஹீற்றரை முதுகிலை கட்டிக்கொண்டு போனாலும் உனக்கு எழுநூறு வாட் குறையுது. நாளைக்கு வெளிக்கிடாதை."

மச்சான் வெளிக்கிடவில்லை. என் எச்சரிக்கை இரண்டு மொழிகளில் நான்கு பக்கம் போனது. வினிபெக்கில் அதற்குக் கட்டுப்பட்டு வீட்டில் இருந்தவர் என்று எனக்குத் தெரிந்தது அவர் ஒருவர்தான். அவர் அதை வாசிக்கவே இல்லை.