அம்மா எழுதச் சொன்ன கடிதம்

ஐயாவின் புத்தகத்தைப் பதினொரு பதிப்புக்கும் டைப் அடித்தவள் நான். முதல் அத்தியாயத்தில் அவருடைய அம்மா சாகிறாள். அப்போது அவருக்கு ஏழு வயது. கட்டிலைச் சுற்றி உறவுக்கூட்டம் நின்றுகொண்டு, தேறாது, இன்னும் ரெண்டு நாள்தான் என்று அவள் காதுபடவே பேசுகிறது. மூன்றாம் நாள் போய்விடுகிறாள். சொல்லிச் சொல்லியே கொன்றுவிட்டார்கள் என்று ஐயா எழுதியிருப்பார். அந்த இடம் வரும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். இப்போதும் துடைத்துக்கொள்கிறேன், மறைப்பானேன்.

அந்தப் பிள்ளைதான் வளர்ந்து போதகரானது. தகரக் கூரை போட்ட சபை, நாற்பது பேர். பிறகு புத்தகம் வந்தது, நாற்பது நாலாயிரமானது. கெட்டதை வாயால் சொல்லாதே, நல்லதை நடந்துவிட்டதாகவே சொல், நடக்கும். புத்தகத்தின் சாரம் அவ்வளவுதான். வேலை போனவர்களும் பரீட்சையில் தோற்றவர்களும் மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டார்கள். சிலருக்கு நடக்கவும் நடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். முடிவெட்டும் கடைக் கண்ணாடியில்கூட அவருடைய வாசகம் ஒட்டியிருந்தது. எங்கள் தெருவில் யாரை விசாரித்தாலும் ஐயா மாதிரியே ஒரே இழுப்பில் "நல்லா இருக்கேன்" என்பார்கள். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஒரு நாள் தகப்பனின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துபோன மகன் என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்து அதையே சொல்லும் வரைக்கும்.

ஐயா வீட்டில் மாடிப்படிக்குக் கீழே என் மேஜை. கடிதங்களுக்குப் பதில் அடிப்பது என் வேலை. மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு பட்டியல், நாற்பத்திரண்டு சொற்கள். வலி, பயம், சாவு, முடியாது என்று போகும். இவற்றில் எதுவும் எந்தக் கடிதத்திலும் இந்த வீட்டிலிருந்து வெளியே போகக் கூடாது. ஐயாவே வாய் தவறிச் சொன்னாலும் கேட்காமல் மாற்றிவிட வேண்டியது. வலிக்கிறது என்றால் ஆறி வருகிறது. பயமாயிருக்கிறது என்றால் தைரியம் வருகிறது. முதல் வருஷம் நிமிர்ந்து நிமிர்ந்து பட்டியலைப் பார்த்தேன். பத்தொன்பதாவது வருஷத்தில் என் கண்ணுக்குச் சுவரே தேவைப்படவில்லை, விரல் பார்த்துக்கொண்டது. அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த வருஷம்தான் அம்மா படுத்தார்கள். அம்மா என்றால் ஐயாவின் மனைவி. வயிற்றில் ஏதோ. ஏதோ என்றுதான் சொல்ல முடியும், பேர் வைக்க அந்த வீட்டில் ஆளில்லை. ஐயா காலையில் அவர்களுக்குத் தலை வாரிவிடுவார், வயிற்றில் கைவைத்து ஜெபம் பண்ணுவார், பிறகு நூறு தரம் சொல்ல வைப்பார். "நல்லா இருக்கேன். நல்லா இருக்கேன்." ரெண்டு குரலும் மாடியிலிருந்து இறங்கி என் தலைக்கு மேல் நிற்கும். நானும் அதோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டே டைப் அடிப்பேன்.

ஒரு நாள் ஐயா கூட்டத்துக்குப் போயிருந்தபோது அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்கள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"டைப்பம்மா, வலிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை அந்த வீட்டுக்குள் கேட்டுப் பல காலமாகிவிட்டது.

"டாக்டரைக் கூப்பிடவாம்மா?"

"எந்த டாக்டர் வந்தாலும் ஐயா வாசல்லயே நிறுத்தி, அவ நல்லா இருக்கான்னு அனுப்பிடுவார். அவர எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்ல. என் தங்கச்சிக்கு எழுது. அவளுக்கு யார்கிட்டயும் பயமில்ல. உடனே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு எழுது. என் கை நடுங்குது, எழுத வரல."

தங்கை நாலு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அம்மா சொல்லச் சொல்ல அடித்தேன், அன்றே தபாலில் சேர்த்தேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. அம்மா என்னையே படிக்கச் சொன்னார்கள்.

"அக்கா, உடம்பு தேறி வருதுன்னு எழுதியிருந்தியே, படிச்சதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. அவசரமில்ல, லீவு விட்டப்புறம் வான்னு நீயே சொல்லிட்ட. அப்படியே வரேன்."

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. நான் மேஜைக்கு ஓடிப்போய்க் கார்பன் நகலை எடுத்தேன். ஆறி வருகிறது. தைரியமாக இருக்கிறேன். மெதுவாக வா. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அம்மா சொன்னதைத்தான் அடித்தேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

"சரி விடு, கை பழகிப்போச்சு," என்றார்கள் அம்மா. திட்டியிருந்தால் தேவலாம்.

மறுபடியும் அடித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக மிஷின் கட்டையைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். மூன்று முறை படித்தேன். வலிக்கிறது என்றுதான் இருந்தது, உடனே வா என்றுதான் இருந்தது. உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நான் நலமாக இருக்கிறேன் என்று ஆரம்பித்தது. அப்படியென்றால் மூன்று முறை நான் படித்தது எதை?

இனி நேரில் போவதுதான் வழி. லீவு கேட்பதற்கும் அந்த வீட்டில் காரணம் கிடையாது, உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாதே. "ரொம்ப நல்லா இருக்கேன்யா, அதனால நாளைக்கு வரல," என்றேன். ஐயா மனசார வாழ்த்தினார்.

விடியுமுன் ஏறிய பஸ்ஸில் நாலு மணி நேரமும் ஒரே வாக்கியத்தை மனசுக்குள் உருப்போட்டேன். உங்க அக்காவுக்கு ரொம்ப முடியல, உடனே வாங்க. தங்கை வீட்டுக் கதவு திறந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய கோலம், மூக்கில் கண்ணாடி.

"நான் டைப்பம்மா. உங்க அக்கா வீட்லேர்ந்து வரேன்."

"அக்கா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க," என்றது என் வாய்.

திரும்பச் சொல்லப் பார்த்தேன், திரும்பவும் அதே வந்தது. மூன்றாம் தரம் சொன்னபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது, கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. தங்கை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்காங்கன்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள்ளே போய்ப் பையோடு வந்தாள்.

மத்தியானமே ஒரு டாக்சியில் போய் இறங்கினோம். ஐயா கூடத்தில் நின்றிருந்தார். அக்காவை நாலு நாள் தன்னோடு கூட்டிப்போவதாகத் தங்கை சொன்னாள், அனுமதி கேட்கவில்லை. அவர் தாராளமாக என்றார். அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி வந்தோம். பிடித்த கைக்கு எலும்பு மட்டும்தான் அகப்பட்டது. அம்மா சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

வாசலில் ஐயா என் பக்கமாகக் குனிந்தார். கண் சிவந்திருந்தது. "சீக்கிரமா போங்க," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். ஏழு வயதிலிருந்து தெரியும். அவர் மேல் எனக்கிருந்த கோபம் பொசுக்கென்று போய்விட்டது. அது போனது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், அக்காவும் தங்கையும் பின்னால். ஐயாவின் தெரு முடிந்து பெரிய சாலை வந்ததும் தங்கை கேட்டாள்.

"எங்கக்கா வலிக்குது? இப்பச் சொல்லு, இங்க யாருமில்ல."

"நல்லா இருக்கேன்டி."

"அக்கா, என்கிட்ட சொல்லு."

"நல்லா இருக்கேன்," என்றார்கள் அம்மா. தங்கையை வரவைக்கக் கடிதம் அடிக்கச் சொன்னதே அந்த வாய்தான். டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். உதடு சிரிக்க, கண் மட்டும் தங்கையைக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு முந்தின திருப்பத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அம்மா அலறினார்கள். பல மாசமாக உள்ளே அடக்கி வைத்திருந்த அலறல். டிரைவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். தங்கை அக்காவை அணைத்துக்கொண்டு, "ஐயோ, எவ்ளோ வலிக்குதோ," என்று வாய்விட்டு அழுதாள்.

"ஆறிட்டு வருது," என்று யாரோ சொன்னார்கள், நிதானமாக, ஐயாவின் அதே இழுப்போடு.

யாரென்று திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.