மறுதரப்பு நாற்காலி

வானமாமலை பைக்கைக் கிளப்புவதற்குள் ஜோஸ்பின் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஆறு மணிக்கு நிகழ்ச்சி. நீங்க வந்து பேசியே ஆவணும்."

"தொண்ட கட்டிருக்கு, தாயி."

சற்று முன்வரை தமிழர் குடியிருப்பான லேபர் கேம்ப் டீக்கடையில் முழங்கிக்கொண்டிருந்த தொண்டை அது. குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு ஆதரவாக இந்த வட்டாரத்தில் பேசுகிறவர் அவர். தேர்தல் அறிவித்ததிலிருந்து அவள் வேலை பார்க்கும் சிறிய வானொலிக்கு ஒரு கட்டளை: ஒரு தரப்பு பேசினால் மறுதரப்பும் அதே அளவு பேச வேண்டும். மறுதரப்பு வராவிட்டால் நிகழ்ச்சியே கிடையாது.

"நீங்க வரலேன்னா எங்க தரப்புல பேச வந்திருக்க பேராச்சியும் வாய தொறக்க முடியாது. தெரிஞ்சுதான செய்தீய?"

"ரூல் நானா போட்டேன்? சர்க்கார் போட்டது. பேசாம இருக்க எனக்கு உரிமை உண்டுல்லா? சாவிய குடு."

கொடுத்தாள். வேறு என்ன செய்ய?

மாளாக்காரர்கள் ஆட்சேபம் சொல்ல நாளைதான் கடைசி நாள். கீழ் அறையின் தலைமேல் தகரம் அடித்து, ஏணி வைத்து ஏறுகிற அறைதான் மாளா. அதில் இருப்பவர்களுக்கு இங்கே வீடு கிடையாது, ஊருக்கு வெளியே எங்கோ ஓர் அறை என்கிறார்கள். மறுத்துச் சொல்ல வழி இருக்கிறது என்பதே பாதிப்பேருக்குத் தெரியாது; நோட்டீஸ் இந்த ஊர்ப் பாஷையான மராத்தியில் இருந்தது. ஜோஸ்பினும் மாளாக்காரிதான்.

நிலையத்துக்கு ஓடி வந்து மூச்சு வாங்கினாள். பொறுப்பாளர் ரெனால்ட் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"ஆட்சேபம் சொல்ல கடைசி நாள் எதுன்னு மட்டும் அறிவிப்பா வாசிச்சிரட்டா சார்?"

"அதுவும் ஒரு தரப்புன்னு கம்ப்ளெயின்ட் போவும். லைசென்ஸ் போச்சுன்னா எல்லாம் கதம். ரூல் மேல தப்பில்ல, ஜோஸ்பின். இது இல்லேன்னா காசுள்ளவன் நாள் பூரா பேசுவான்."

"இப்ப வராதவன் கையிலல்லா மைக் இருக்கு."

மைக் முன்னால் காத்திருந்த பேராச்சி குரல் கொடுத்தாள். "ஏளா, ஆள் கெடைக்கலேன்னா ஒரு பொம்மைய உக்காத்தி வையி. வானமாமலைய விட உருப்படியா பேசும்."

ஜோஸ்பின் கடைசி முயற்சியாகக் கணவனுக்கு போன் போட்டாள். தனசீலன் தையல் பட்டறையில் இருந்தான்.

"திட்டம் நல்லதுன்னு நீங்க வந்து பேசணும். மனசுல இல்லேன்னா என்ன, ஒப்புக்குப் பேசுனா போதும்."

மறுமுனையில் மெஷின் ஓடும் சத்தம் நின்றது. பிறகு, "வாரேன்," என்றான்.

அவன் வந்து உட்கார்ந்ததும் ரெனால்ட் ஜோஸ்பினை ஓரமாக அழைத்தார். "இது நேரடி ஒலிபரப்பு. உன் வீட்டுக்காரர் மொதல்ல, பேராச்சி பொறவு. நடுவுல நீ ஒரு வார்த்த சேத்துப் பேசினாலும் அங்கேயே நிறுத்திருவேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது.

தனசீலன் முதலில் திக்கினான். ஜோஸ்பின் கண்ணாலேயே தைரியம் சொன்னாள். அவன் மைக்கை விட்டுப் பார்வையை எடுக்காமல் பேச ஆரம்பித்தான்.

"மாளாவுல நானும் இருக்கேன். மழைன்னா பாத்திரத்த எங்க வைக்கன்னுதான் சண்டையே. எங்க மவ ஆனி வளந்துட்டா. நிமிந்து நிக்க முடியாது, குனிஞ்சே தல சீவுறா. எம் பிள்ளைக்கு முதுகு கூனிரும்னு எனக்குப் பயம்."

நன்றாகத்தான் பேசுகிறான் என்று முதலில் நினைத்தாள். ஒப்புக்குப் பேசுகிறவனுக்கு உதடு ஏன் இப்படி நடுங்குகிறது? ஏங்க என்று கூப்பிட வாய் திறந்தவள், கண்ணாடிக்கு அப்பால் ரெனால்டின் கை விசைமேல் இருப்பதைப் பார்த்தாள். பேராச்சி தன் முறைக்காக முன்னே நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜோஸ்பின் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

தனசீலன் இப்போதும் அவளைப் பார்க்கவில்லை.

"ஆட்சேபம் சொன்னா ஊருக்கு வெளிய தாற அந்த ரூமும் கெடையாதுன்னாங்க. எனக்கு வேற வழி தெரியல. நேத்தே போயி சம்மதம்னு வெரல் வச்சுட்டேன். வீட்ல இன்னும் சொல்லல."