அரைக் கரண்டி

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எட்டு புள்ளி ஒன்பதிலிருந்து ஒன்பது புள்ளி இரண்டுக்கு ஏறியிருந்தது. போன வருடம் அப்பாவின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், காகிதத்தை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"இப்படியே போனா இன்னொரு அடைப்பு வரும். என்னதான் சாப்பிடுறாரு?"

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. குடும்பத்தில் பட்டம் வாங்கிய ஒரே ஆள் என்பதால், மருந்துச் சீட்டைப் படிப்பதிலிருந்து டாக்டரிடம் திட்டு வாங்குவதுவரை எல்லாம் அவள் தலையில்தான் வந்து விடியும். சமையலறைச் சுவரில் உணவு அட்டவணையை ஒட்டியதும் அவள்தான். பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்போ மீனோ, கால் தட்டு சோறு. வறுவல் கிடையாது. எண்ணெய்க்கு அளவு ஸ்பூன். உப்பு கிள்ளித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மேல் பாய்ந்தாள். "நான் வேலைக்குப் போனதும் அப்பாவுக்கு என்னத்த எடுத்து வெக்கிற?"

"வெந்த காயைத்தான். மூஞ்சியைச் சுளிக்காமத் தின்னுட்டுப் போறாரு. எனக்கே ஆச்சரியமா இருக்கு."

"பொய் சொல்லாதம்மா."

"ஆமாடி, நான்தான் என் புருஷனைக் கொல்லப் பாக்குறேன். போ, போய் ஊரெல்லாம் சொல்லு."

மறுநாள் அப்பா மாத்திரை டப்பாவை மறந்துவிட்டுப் போனார். அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, அவர் தலைமைச் சமையல்காரராக இருக்கும் தொழிற்சாலை கேன்டீனுக்கு அதை எடுத்துப்போனாள். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'நாக்கு'. நாக்கு தலையாட்டாமல் எந்த அண்டாவும் அடுப்பை விட்டு இறங்காது.

எண்ணூறு பேருக்கு ஆறு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா அரைக் கரண்டி மொண்டு, ஆறவிட்டு, உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினார். உப்பு போட்டார். மறுபடி அரைக் கரண்டி. பக்கத்து அண்டாவில் எண்ணெய் மிதக்கும் கறிக்குழம்பு. அதற்கடுத்து இனிப்புப் பால். வாசலில் நின்று எண்ணத் தொடங்கியவள் இருபத்துமூன்றில் விட்டுவிட்டாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"வேலை பாக்குறேம்மா."

"வெளியில ஒண்ணும் சாப்பிடலைன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே?"

"சாப்பிடலையே. ருசி பாக்குறது சாப்பாட்டுல சேருமா?"

அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. அதனாலேயே அவளால் முழுசாகக் கத்தவும் முடியவில்லை.

பாத்திரம் கழுவும் அக்கா சிரித்தாள். "நாக்கு அண்ணன் ருசி பாக்குற குழம்புல எங்க வீட்டுல நாலு பேரு சாப்பிடலாம்."

மகள் ஒரு காலிச் சட்டியை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். "இன்னைக்கு ருசி பாத்ததை எல்லாம் அதே அளவு இதுல ஊத்துங்க."

முறைத்துக்கொண்டே ஊற்றினார். பன்னிரண்டாவது கரண்டியில் கை தாமதித்தது. சட்டி நிறைந்தபோது மேலே எண்ணெய் ஆடை கட்டியிருந்தது.

"ஒரு நாளைக்கா இவ்வளவு?" என்றார் அப்பா.

"காலையில மட்டும்" என்றாள் மகள்.

அப்பா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "ருசி பாக்காம இறக்கினா எண்ணூறு பேரும் துப்புவானுங்கம்மா. அப்புறம் நான் இங்க எதுக்கு?"

அதற்கு அட்டவணையில் பதில் இல்லை. வாயில் வைத்துத் துப்பிவிடச் சொன்னாள். "சோத்தைத் துப்புறதா?" என்று எரிந்து விழுந்தார். கடைசியில் அவளே டீ ஸ்பூன் ஒன்றைத் தேடி எடுத்தாள். அண்டாவுக்கு ஒரு தரம், ஸ்பூன் நுனியளவு. இனிப்பும் கறிக்குழம்பும் அக்கா பொறுப்பு.

அக்கா கறிக்குழம்பை நக்கிப் பார்த்தாள். "உப்பு கொஞ்சம் தூக்கல் அண்ணே."

"தூக்கலா? முப்பது வருஷமா இதே உப்புதான்!"

"முப்பது வருஷமாத் தூக்கல்தான். யாரு உங்ககிட்ட சொல்றது?"

அப்பாவின் கை கரண்டிக்குப் போனது. பாதியில் நின்றது. "தண்ணி ஊத்தி ஒரு கொதி விட்டு இறக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டு பேர் அண்டாவைத் துணி சுற்றிப் பிடித்து இறக்கினார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"மாத்திரை போட்டாரா?" என்றாள் அம்மா.

"போட்டாரு."

"சரி, வை. அடுப்புல காய் இருக்கு."

மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டைவரை வருவதற்குள் அம்மா வைத்துவிட்டாள். அவள் மறுபடி எண்ணை அழுத்தினாள்.