குழி வெட்டுகிறவள் ஆடிய ஆட்டம்

இந்த மலை கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது குழிகள். ஒன்பதையும் தினமும் இடம் மாற்றி வெட்டுவது நான்தான். ஒரே இடத்தில் குழி இருந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டே செத்துவிடும். அதனால் விடிந்ததும் இரும்புக் குழாயை அழுத்தித் திருகி, புல்லோடு மண்ணை உருவி, அதையே நேற்றைய குழியில் வைத்து மூடிவிட்டுக் கொடியை நடுவேன். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆள் அரவமில்லாத அந்த ஒன்றரை மணி நேரம் மலையே என்னுடையது. அந்த வேலை எனக்கு உயிர்.

அதற்குத்தான் இங்கே ஆட வரும் பல் டாக்டர் ஒருவர் உலை வைத்தார். ஏழாவது குழியை நான் சரிவில் வைக்கிறேனாம், பந்து நிற்கவே மாட்டேன் என்கிறதாம். இதோடு எட்டுப் புகார். கிளப் செயலாளர் கூப்பிட்டு, "குழாயை உங்க கொழுந்தன்கிட்ட குடுத்துட்டு, புல்லு வளக்குற நாத்தங்காலுக்குப் போயிடுங்க" என்றார். கொழுந்தன், என் கணவரின் தம்பி, இதே மைதானத்தில்தான் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தெனமும் பந்தை உருட்டிப் பாத்துட்டுத்தான் சார் வெட்டுறேன். நிக்குது. பல்லைப் பிடுங்குற கைக்கு மெதுவா உருட்டத் தெரியலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

"அப்ப நீங்களே ஆடிக் காட்டுங்க. ஒண்ணுலேருந்து ஆடிக்கிட்டுப் போங்க. ஏழாவது கிரீன்ல மூணு உருட்டுக்குள்ள போட்டுட்டா வேலை உங்களுக்குத்தான். டாக்டர் சாட்சி."

கிரீன் என்பது குழியைச் சுற்றி நாங்கள் ஒட்ட வெட்டி வைத்திருக்கும் புல்தரை. அதில் என் கால் படாத இடமில்லை. ஆனால் மட்டையைத் தொட்டதே இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. உச்சி வெயிலில் டாக்டரும் நானும் கிளம்பினோம், கொழுந்தன் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டான். முதல் அடியில் பந்து அசையவில்லை, உள்ளங்கை அகலத்துக்குப் புல்தான் பறந்தது. பதறிப்போய் ஓடி அதைப் பொறுக்கி வந்து ஒட்டி மிதித்தேன். "அண்ணி, இப்படி ஒவ்வொரு அடிக்கும் தரையை ஒட்டிக்கிட்டிருந்தா பொழுது சாஞ்சிடும்" என்றான் கொழுந்தன்.

இரண்டாவதில் பந்து பள்ளத்தாக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதில்தான் எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. நான் எப்போதும் குழிப் பக்கமிருந்தே மலையைப் பார்த்தவள். இவர்கள் அடிக்கத் தொடங்கும் மேட்டில் நின்று ஒருநாளும் பார்த்ததில்லை. அழகாக இருக்கட்டும் என்று பாறைக்குப் பின்னால் நான் நட்ட கொடி அங்கிருந்து கண்ணுக்கே தெரியவில்லை.

"எந்தப் பக்கம் சார் அடிப்பீங்க?"

"குத்துமதிப்பாத்தான்" என்றார் டாக்டர். "நீங்க எங்க வெச்சிருப்பீங்கன்னு யோசிச்சுக்கிட்டே வருவேன்."

இந்த மனிதர் என்னைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பதே எனக்குப் புதிது. நான்காவது ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஐந்தாவதில் குளம். தினமும் அதன் ஓரமாகத்தான் நடக்கிறேன், எதிரே நின்று பார்த்தால் கடல் மாதிரி கிடந்தது. இரண்டு பந்துகளைத் தின்றது. ஆறாவது செங்குத்தான இறக்கம். என் பந்து காற்றில் எழும்பி, மிதந்து, கீழே கிரீனில் போய் விழுந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துவிட்டேன். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் நடக்கிறார்கள் போலிருக்கிறது.

ஏழாவது வந்தது. முதலில் டாக்டர் உருட்டினார். பந்து சரிவில் ஏறி, குழிக்கு அருகே தயங்கி, திரும்பி அவர் காலடிக்கே வந்தது. நான்கு முறையும் அப்படியே. என் முதல் உருட்டும் திரும்பி வந்தது. இரண்டாவதை ஆத்திரத்தில் ஓங்கித் தட்டினேன். விர்ரென்று போய்க் குழியின் பின்விளிம்பில் மோதி, ஒரு துள்ளு துள்ளி உள்ளே விழுந்தது.

டாக்டர் கணக்கு அட்டையில் இரண்டு என்று எழுதினார். "சரிம்மா, என் கைதான் சரியில்லை போல."

அத்தோடு போயிருக்கலாம். ஆனால் அவர் பந்து ஏன் திரும்பி வந்தது? விடியற்காலையில் உருட்டிய அதே இடத்திலிருந்து, அதே மாதிரி கையால் உருட்டிப் பார்த்தேன். திரும்பி வந்தது. மறுபடியும் வந்தது. குனிந்து புல்லைத் தொட்டேன். சொரசொரவென்று காய்ந்து கிடந்தது. காலையில் தொட்டால் கை சொட்டச் சொட்ட நனையும்.

பனி. பதினோரு வருஷமாக நான் பனியில் உருட்டிப் பார்த்திருக்கிறேன். ஈரம்தான் பந்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

"ஜெயிச்சாச்சு அண்ணி, பேசாம வாங்க" என்று கிசுகிசுத்தான் கொழுந்தன். அவனுக்கும் புரிந்துவிட்டது.

பேசாமல் வரத்தான் மனசு சொன்னது. ஆனால் நாளைக் காலைப் பனியில் பந்து நின்றால், எந்த முகத்தோடு அந்தச் சரிவில் குழாயை இறக்குவேன்? டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

அவரும் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். "எல்லாக் குழியும் இப்படித்தானா?"

"எல்லாமே பனியிலதான் சார் பாக்குறது."

"அப்ப மீதி ரெண்டையும் பாத்துருவோம்."

எட்டிலும் ஒன்பதிலும் பந்து நின்றது. இரண்டும் சமதரை.

அலுவலகத்தில் செயலாளர் அட்டையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப குழி தப்பு."

"தப்புதான் சார்."

"அப்ப நாத்தங்கால்தான்."

குழாயைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தேன். அதிலிருந்த மண் காகிதங்கள்மேல் உதிர்ந்தது.

டாக்டர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "நீங்க எப்படிப்பா சோதிப்பீங்க?"

"நானா? உருட்டியெல்லாம் பாக்க மாட்டேன் சார். கண்ணளவுதான்."

செயலாளர் கொழுந்தனைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கடைசியில் அதை என் பக்கம் தள்ளினார். "மேசையைத் தொடச்சிட்டு எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் விடியலில் ஏழாவது கிரீனில் துண்டால் ஒரு பாதை அளவுக்குப் பனியைத் துடைத்துவிட்டுப் பந்தை உருட்டினேன். ஏறிப் போய், தயங்கி, என் காலடிக்கே வந்தது. நான்கடி கீழே தள்ளி, சமதரையில் வெட்டினேன்.