கழுகு எழும்வரை

ஏப்ரல் விடியலில் பனி பலகை போல இறுகிக் கிடக்கும். ஆள் நடக்கலாம், வண்டி இழுக்கலாம். வெயில் ஏறிவிட்டால் அதே பனி தொடைவரை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ரைலி இருட்டோடு கிளம்பிவிடுவாள். இன்று அவளுடைய சறுக்குவண்டியில் பாதிப் பன்றி இருந்தது. அதன் கயிறு வலது தோளை அறுத்தது. இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அது நேற்றே வலித்த தோள்.

பின்னால் புகைப்படக் கருவிகளைச் சுமந்து ஹில்கா வந்தாள். தெற்கே துர்கு நகரத்தில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். ரஷ்ய எல்லையை ஒட்டிய இந்தக் காட்டுக்கு நான்காம் முறையாக வந்திருக்கிறாள். முந்தைய மூன்று முறையும் பொன்னிறக் கழுகு அவளுக்கு முகம் காட்டவில்லை.

சதுப்பின் ஓரத்தில் புதிய தடம் ஒன்று பாதையைக் குறுக்கே வெட்டிப் போயிருந்தது. ரைலி குனிந்து விளக்கைக் காட்டினாள்.

"குளிர்காலத் தூக்கத்துல இருந்து கரடி எழுந்துடுச்சா?" என்றாள் ஹில்கா.

"எழுந்துடுச்சு. ஆனா நம்மள மாதிரிதான், கண்ணு இன்னும் முழுசாத் திறந்திருக்காது."

பறவைகளை ஒளிந்திருந்து பார்க்க வரும் விருந்தாளிகளுக்கு ரைலியும் கணவன் ஆர்வோவும் வாடகைக்கு விடும் பலகைக் குடிலுக்கு முன்னால், உறைந்த பனியில் அடித்திருந்த முளையில் கழுகுக்கான இறைச்சியைக் கட்டினாள். காலி வண்டியைக் குடிலின் பின்னால் சாய்த்துவிட்டு, அடுப்பு மூட்ட உள்ளே போனாள். அதோடு அவள் வேலை முடிந்தது. வெளிச்சம் வருமுன் அவள் போய்விட வேண்டும். உள்ளே இருப்பவர், பறவைகள் எல்லாம் எழுந்து போகும்வரை கதவைத் தொடக் கூடாது. அவசரத்துக்கு மூலையில் வாளி இருக்கிறது. இந்த விதியைப் போட்டவளே ரைலிதான். போன வருடம் ஒரு ஜெர்மானியர் சிகரெட்டுக்காகக் கதவைத் திறந்தார். பத்து நாள் கழுகு அந்தப் பக்கமே வரவில்லை. ரைலி தனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் அவரைத் திட்டித் தீர்த்தாள்.

"ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் ஹில்கா.

ரைலி பெஞ்சில் உட்கார்ந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

கண் விழித்தபோது பலகை இடுக்குகளில் வெயில் இருந்தது. காபி மடியில் ஆறிப் போயிருந்தது. வெளியே ஏதோ ஒன்று எலும்பைச் சுரண்டும் ஓசை கேட்டது.

"ஏன் எழுப்பல?" என்று கிசுகிசுத்தாள்.

"ரெண்டு தடவ தோளத் தொட்டேன். 'ஆர்வோ, நாயை வெளிய விடு'ன்னீங்க. அதுக்கு மேல எழுப்ப மனசு வரல."

"எங்க வீட்டுல நாயே இல்ல."

"அதான் பாவமா இருந்துச்சு." ஹில்கா கண்ணைக் கருவியிலிருந்து எடுக்கவே இல்லை. "மெதுவா வாங்க. வந்திருக்கு."

ரைலி இடுக்கில் கண் வைத்தாள். பதினோரு வருடமாக அந்தக் கழுகுக்கு இறைச்சி இழுக்கிறாள். இறைச்சிமேல் அதை அவள் நேரில் பார்த்தது இல்லை. எல்லாம் விருந்தாளிகள் அனுப்பிய படங்களில்தான். படத்தில் அது அரசன் மாதிரி நிற்கும். இங்கே அது, உறைந்த தசையிலிருந்து ஒரு நாரை இழுக்க உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்துக்கொண்டிருந்தது. இடது காலில் ஒரு நகம் இல்லை. ஓர் அண்டங்காக்கை பின்னால் வந்து வாலைப் பிடித்து இழுத்தது. கழுகு திரும்புவதற்குள் இன்னொன்று முன்னாலிருந்து ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு போனது.

"நாக்கு தெரியுது பாருங்க" என்றாள் ஹில்கா.

"உங்களுக்கு எங்க போனாலும் வாய்தான்."

சிரிப்பை இருவரும் கையுறைக்குள் அடக்கிக்கொண்டார்கள். பிறகுதான் ரைலி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை.

நண்பகலுக்குள் அவள் ஒரு பதில் சொல்ல வேண்டும். நகரத்து முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஆள் எடுக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள், கூரைக்குக் கீழே, காய்ந்த காலோடு. இன்று பன்னிரண்டு மணிவரை அவளுக்காக வைத்திருப்போம், அதன்பின் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். குடிலில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. எதிரே இருக்கும் மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். ஆர்வோவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் அவனுக்கு முழங்கால் அறுவை நடந்தது. அதிலிருந்து இறைச்சி, விறகு, வாளி எல்லாம் அவள் பாடு. குளிர்காலம் முழுக்க, எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, சொல்லாமலே தூங்கிப் போனாள்.

"எப்பப் போவீங்க?" என்றாள் ஹில்கா.

"அது போனதும்."

கழுகு போகவில்லை. தொண்டைப் பை உப்பும்வரை தின்றது. பிறகு, இருபது அடி தூரத்தில் பட்டுப்போன பைன் மரத்தில் ஏறி உட்கார்ந்து, இறகுகளை உப்பிக்கொண்டு வெயிலில் கண் சொருகியது. ரைலி ஹில்காவிடம் வேலை விஷயத்தைச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்நியரிடம் சொல்வது சுலபம் என்பதால் இருக்கலாம்.

ஹில்கா கருவியை நிறுத்தினாள். "போங்க. எனக்கு இது போதும். நாலு தடவைக்கும் சேர்த்துப் பார்த்துட்டேன்."

"உங்களுக்காக இல்ல. சாயங்காலம் டச்சுக்காரங்க நாலு பேர் வர்றாங்க, ஒரு வாரத்துக்கு. கழுகுக்காகவே வர்றாங்க. இப்ப இது மிரண்டா அவங்க வெறும் பனியைப் பார்த்துட்டுப் போக வேண்டியதுதான். ஆர்வோ ஊன்றுகோலோட நின்னு சமாதானம் சொல்லணும்."

ஹில்கா ரை தானியக் கறுப்பு ரொட்டியைப் பிட்டுப் பாதியைக் கொடுத்தாள். ரைலி மென்றாள். வெளியே கூரை விளிம்பிலிருந்து சொட்டத் தொடங்கியிருந்தது. பனி இளகிவிட்டது. மேடுவரை போக இனி இரண்டு மடங்கு நேரம் ஆகும். இப்போது கிளம்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இந்த வேலையை விட்டுப் போகிறவளுக்கு அதன் விதி எதற்கு? அந்தக் கேள்வியை அவள் இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தாள். கழுகுக்காகக் காத்திருக்கிறோம் என்றுதான் இவ்வளவு நேரம் எண்ணியிருந்தாள். ஆனால் இப்படியே உட்கார்ந்திருந்தால் அதுவே பதிலாகிவிடும். அடுத்த குளிர்காலமும், அதற்கடுத்ததும், இதே கயிறு, இதே தோள். யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். தாழ்ப்பாளை எடுத்தாள்.

"நான் இங்கயே இருக்கேன்" என்றாள் ஹில்கா. "ஒருவேளை திரும்பி வந்தாலும் வரும்."

கதவு கிறீச்சிட்டது. அண்டங்காக்கைகள் ஒரே கூச்சலாக எழும்பின. கழுகு உடனே பறக்கவில்லை. தலையைத் திருப்பி, வாசலில் நின்றவளைப் பார்த்தது. ரைலியும் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, கனத்த வயிற்றோடு அது கிளையிலிருந்து சரிந்து, பனியைத் தொடுவது போலத் தாழ்ந்து, சிரமப்பட்டு மேலெழுந்து, மரங்களுக்கு அப்பால் போய்விட்டது.

மேட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் விழுந்து எழுந்தாள். ஒவ்வோர் அடிக்கும் கால் தொடைவரை போனது. கால் மாட்டிய இடத்தில் கையை ஊன்றினால் கையும் போனது. உச்சியில் பனி உருகி வெளிப்பட்ட பாறை ஒன்றில் உட்கார்ந்தபோது பன்னிரண்டுக்குச் சில நிமிடங்களே இருந்தன. மூச்சு வாங்கியது. பற்களால் கையுறையைக் கழற்றி, முதலில் ஆர்வோவைக் கூப்பிட்டாள்.

"கழுகு போயிடுச்சு" என்றாள். "கதவைத் திறந்துட்டேன்."

"யாரு, அந்தப் பல் டாக்டரா?"

"நான்தான்."

அந்தப் பக்கம் காபிப் பாத்திரம் அடுப்பிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"போன வாரம் அந்தச் சமையல்கட்டு அம்மா இங்க போன் பண்ணாங்க" என்றான் ஆர்வோ. "ரைலி எங்கன்னாங்க. பாதிப் பன்றியை இழுத்துட்டுக் காட்டுக்குப் போயிருக்கான்னேன். அப்படின்னா பெரிய பானையெல்லாம் தூக்குவாங்கன்னு சந்தோஷப்பட்டாங்க."

"அட மனுஷா! ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்துட்டு இருந்தேன். ஒரு வாரமா ராத்திரி வாயைத் திறப்ப, குறட்டைதான் வரும்."

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. "டச்சுக்காரங்களுக்கு என்ன சொல்றது? சதுப்போரமா கரடித் தடம் இருக்கு. புதுசு."

"அப்பக் கரடியைக் காட்டுறேன்."

"ஒத்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"உன் அண்ணனைக் கூப்பிடுறேன், இல்ல கடையை மூடுறேன். அது என் தலைவலி. மணியைப் பாரு, அம்மணி."

இணைப்பு அறுந்தது, அல்லது அவன் வைத்துவிட்டான். கீழே குடிலின் கதவு மூடியிருந்தது. அண்டங்காக்கைகள் அதற்குள் இறைச்சியில் இறங்கிவிட்டன. கழுகைக் காணவில்லை. ரைலி நகரத்து எண்ணைத் தேடி அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. அவர்கள் எடுக்கட்டும் என்று, பாறையில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.