நூறடிக்கு அப்பால்

"இந்தத் தொப்பியோட அவரை உள்ள விட முடியாது, மார்லிஸ்" என்றாள் வெர்னா.

அப்பாவின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி மார்லிஸ் விவசாயிகள் மண்டபத்தின் படியில் நின்றாள். பெரிய படம். சட்டத்தின் ஓரம் விரலை அறுத்தது. பின்னால் பிக்கப் வண்டியில் நாற்பது பேருக்கான பன்றித் தொடைக்கறி ஆறிக்கொண்டிருந்தது. அப்பாவைக் குழியில் இறக்கிவிட்டு வந்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"அவர் உள்ள வரலை வெர்னா. அவர் செத்துட்டார். இது படம்."

"படம்தான். தொப்பியில என்ன எழுதியிருக்கு, பாரு."

பார்க்க வேண்டியதில்லை. பச்சைத் தொப்பியில் கொட்டை எழுத்தில் 'பி-க்கு ஆம்' என்று எழுதியிருந்தது. அப்பா ஆரின் டென்புரூக் கடைசி ஐந்து மாதங்களில் அந்தத் தொப்பியைக் கழற்றிப் பார்த்தவர்கள் இல்லை. அதனால்தான் தொப்பி இல்லாத நல்ல படமாக ஒன்றுகூடத் தேறவில்லை.

பி என்பது ஊரின் தீர்மானம். சட்டப்படி உரிமம் வாங்கிய கஞ்சாத் தோட்டங்களுக்குச் சதுர அடிக் கணக்கில் வரி போடுவது, அந்தப் பணத்தில் இந்த மலைப் பகுதிக்கென்று ஓர் ஆம்புலன்ஸ் வைப்பது. வேண்டுமா வேண்டாமா என்று ஊரார் வாக்களிக்கும் நாள் இன்றுதான். வாக்களிக்கும் இடமும் இந்த மண்டபம்தான். வாசலில் இருந்து நூறு அடிக்குள் பிரச்சாரம் கூடாது என்பது சட்டம். இன்றைக்கு அந்தச் சட்டத்தின் காவல்காரி வெர்னா. முப்பது வருடம் தபால் அலுவலகத்தில் இருந்தவள், ஒரு தபால்தலை குறைந்தாலும் உறையைத் திருப்பிக் கையில் கொடுப்பவள்.

தேர்தல் நாளன்று சாவுச் சாப்பாட்டுக்கு அதே மண்டபத்தைக் கேட்டது யார் தவறு என்று மார்லிஸால் சொல்ல முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை மண்டபம் காலியா என்று நான்கு பேரிடம் கேட்டாள். நான்கு பேரும் யோசிக்காமல் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஆரினைக் கேளு." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். மண்டபத்தின் பதிவு நோட்டை இருபது வருடமாக அப்பாதான் வைத்திருந்தார். அது அவள் வீட்டுச் சமையலறை இழுப்பறையிலேயே கிடந்தது. இன்று காலைதான் திறந்து பார்த்தாள். நவம்பர் பக்கத்தில் அவர் கையெழுத்தில், இரண்டு கோடு போட்டு, 'தேர்தல். வேறு யாருக்கும் கிடையாது' என்று இருந்தது.

"பின்னாடி ரூமையும் சமையலறையையும் எடுத்துக்கோ. முன் ரூம் எனக்கு" என்றாள் வெர்னா. பிறகு மேசையிலிருந்து காகித டேப்பைக் கொண்டுவந்து, படத்தில் தொப்பியின் எழுத்து மேல் இரண்டு துண்டு ஒட்டினாள். ஒட்டிய இடத்தைக் கட்டை விரலால் நீவிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் டேப்பு நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளே அந்தத் தொப்பிக்கு எதிரி. மலைச் சரிவில் ஐயாயிரம் சதுர அடியில் கஞ்சா பயிரிடுகிறவள். இரண்டு வருடமாக விலை பாதாளத்தில் கிடக்க, போன வருட அறுவடையே கொட்டகையில் பாதி அப்படியே இருந்தது. அவள் வேலியில் 'பி-க்கு இல்லை' பலகை. அதே வேலியில் ஆறடி தள்ளி அப்பாவின் 'ஆம்' பலகை. இன்று அவள்தான் அந்தத் தொப்பிக்காக வாசலில் நின்று மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

பின் அறையில் சாப்பாடு தொடங்கியது. அது மாதிரி ஒரு சாவுச் சாப்பாட்டை மார்லிஸ் பார்த்ததே இல்லை. ஆரினைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு ஆரினைப் பற்றிப் பேச வழியில்லை. யாராவது "அந்த ஆம்புலன்ஸுக்காக மனுஷன் எப்படி அலைஞ்சார்" என்று ஆரம்பித்தால், திறந்திருந்த கதவு வழியாக வெர்னா ஒரு தடவை இருமுவாள். பேச்சு உருளைக்கிழங்கு சாலட்டுக்குப் போய்விடும்.

வெண்டல் தட்டோடு அருகில் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வீடு வீடாகக் கதவு தட்டுவதில் அப்பாவின் ஜோடி. "வெளிய வாம்மா. இங்க ஒண்ணும் பேச முடியல. நூறடிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடலாம், எல்லாரையும் கூப்பிட்டுட்டேன். நீ ரெண்டு வார்த்தை பேசணும்."

"மழை தூறுது."

"ஆரினுக்கு மழையா ஒரு பொருட்டு?"

வழியில் ஜோயல் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பக்கத்துச் சரிவில் தோட்டம் வைத்திருப்பவள், மார்லிஸின் கட்சி. "மனசு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியும் மார்லிஸ். ஆனா அந்த அம்பத்தெட்டு நிமிஷத்தை மட்டும் உன் வாயால சொல்லிடாத. எட்டு மணி வரைக்கும் ஓட்டு இருக்கு. நாம எல்லாரும் காலியாயிடுவோம்."

"எங்கப்பாவைப் புதைச்சுட்டு இப்பத்தான் வந்திருக்கேன் ஜோயல்."

"அதான் சொல்றேன். ஜனங்க இளகிப்போய் இருக்காங்க."

மார்லிஸ் கையை உதறினாள். உள்ளே போய், யாரும் கேட்காமலே அப்பாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

நூறடிக் கோடு என்பது வண்டிகள் நிற்கும் இடத்தின் ஓரத்தில் தரையில் போட்டிருந்த ஆரஞ்சுச் சுண்ணாம்பு. மழையில் கரைந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், ஓக் மரத்தடியில், நாற்பது பேர் நனைந்த காகிதத் தட்டுகளோடு நின்றார்கள். வெண்டல் தன் வண்டியிலிருந்து அட்டைகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். புதுசு, மை மணந்தது. அதில் இரண்டே சொல்: '58 நிமிடம்.' கீழே அப்பாவின் பெயர்.

வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மார்லிஸ் அவசர உதவிக்கு அழைத்தாள். பள்ளத்தாக்கிலிருந்து ஆம்புலன்ஸ் ஏழு முப்பத்தெட்டுக்கு வந்து சேர்ந்தது. ஊருக்கே அது மனப்பாடம்.

வெண்டல் குரலை உயர்த்தினார். "அம்பத்தெட்டு நிமிஷம் இந்தப் பொண்ணு அவங்கப்பாவை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. எதுக்காக அந்த மனுஷன் தெருத்தெருவா அலைஞ்சாரோ, அதுவே இல்லாமத்தான் அவர் போய்ச் சேர்ந்தார். நம்ம ஊர்ல ஒரு வண்டி இருந்திருந்தா இன்னிக்கு ஆரின் நம்மளோட நின்னிருப்பார்."

"இல்லை" என்றாள் மார்லிஸ்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் கீழ வரும்போதே அவர் சில்லிட்டுப் போயிருந்தார். ஒரு காலில பூட்ஸ், ஒரு கால் வெறும் கால். கை விறைச்சுப் போச்சு, மடக்க முடியல. காபி ஆறி ஏடு கட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் எங்க வாசல்லயே நின்னிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. வந்தவங்களும் அதைத்தான் சொன்னாங்க."

ஜோயல் மெல்ல மூச்சு விட்டதை மார்லிஸ் பார்த்துவிட்டாள். அந்த மூச்சுக்காக அவளை அறையலாம் போலிருந்தது.

"உடனே சந்தோஷப்படாத" என்றாள் அவளிடம். "உனக்காகச் சொல்லல."

வெண்டலின் முகம் வெளுத்துவிட்டது. "இதை நீ சொல்லித்தான் ஆகணுமா மார்லிஸ்? இன்னிக்கு?"

"நான் சொல்லாம யார் சொல்றது? அவர் இருந்தா அவரே சொல்லியிருப்பார். போன மாசம் உங்க நோட்டீஸ்ல நாப்பது மைல்னு போட்டீங்க. முப்பத்தேழரைன்னு ரெண்டாயிரம் தாள்லயும் உக்காந்து பேனாவால திருத்தலையா அவர்?"

வெண்டல் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு, நினைத்துப் பார்த்தவர் போல, "கை வீங்கிப் போச்சு அவருக்கு" என்றார். அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். சிலர் கொடுத்தார்கள். சிலர் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

மார்லிஸ் படத்தை மரத்தில் சாய்த்துவிட்டு வண்டிக்குப் போனாள். இன்னொரு தட்டுக் கறி எடுக்கப் போவதாக யாரிடமோ சொன்னாள். ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உண்மையைச் சொன்னதற்காக யாரும் அவளைப் பாராட்ட வேண்டாம். அவள் சொல்லாத ஒன்று கண் முன்னால், வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே, ஒன்பது நாளாகக் கிடந்தது.

வீட்டுக்குத் தபாலில் வந்த இரண்டு வாக்குச்சீட்டு உறைகள். ஒன்று அவளுடையது, ஒன்று அப்பாவுடையது.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் பெரிய சண்டை. "வித்தா வரி போடுங்க. விக்காம கொட்டகையில கிடக்குறதுக்கு எதுக்குப்பா வரி?" என்று அவள் கத்தினாள். "உன் விலை ஏறட்டும்னு மாரடைப்பு காத்துக்கிட்டு நிக்குமா?" என்று அவர் கத்தினார். கத்திய பிறகு உறையை ஒட்டி, கையெழுத்துப் போட்டு, நாளைக்குக் கடைவீதிக்குப் போகும்போது அங்கிருக்கும் ஓட்டுப் பெட்டியில் போட்டுவிடு என்று அவளிடமே நீட்டினார். உறையின் பின்புறம், வாக்காளருக்குப் பதிலாக வேறொருவர் பெட்டியில் போட்டால் அவர் எழுத வேண்டிய இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். "இங்க உன் பேரை எழுத மறந்துடாத. உன்னை நம்ப முடியாது."

நம்பவே கூடாத ஆள் அவர். பதினாறு வருடத்துக்கு முன் ஒரு தேர்தலில், நம் ஓட்டு எப்படியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், இருவருமே போடாமல் மீன் பிடிக்கப் போகலாம் என்று ஒப்பந்தம் போட்டார். போனார்கள். நாள் முழுக்க ஆற்றங்கரையில் அவ்வளவு பிரியமாக இருந்தார். ஒரு வாரம் முன்பே அவர் தபாலில் ஓட்டுப் போட்டுவிட்டதை வெர்னா சொல்லித்தான் மார்லிஸ் தெரிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை கடைவீதியில் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போனாள். செவ்வாயும் போனாள். மறக்கவில்லை. கொஞ்சம் கிடக்கட்டும், கேட்டு அலையட்டும் என்று நினைத்தாள். புதன்கிழமை, "போட்டியா?" என்று கேட்டார். "போட்டாச்சு" என்றாள்.

அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

ஓர் உறையை எடுத்துக்கொண்டு மழையில் நடந்து வந்தாள். முன் அறையில் யாருமில்லை. வெர்னா மேசைக்குப் பின்னால் ஆப்பிள் வைத்துச் சுட்ட பண்டத்தில் ஒரு துண்டைத் தின்றுகொண்டிருந்தாள். உறையில் இருந்த பெயரைப் பார்த்ததும் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்து எப்பப் போட்டார்?"

"போன மாசம் இருபத்தாறு. தேதி எழுதியிருக்கார்."

"நீ ஏன் அன்னிக்கே—" என்று ஆரம்பித்தவள் மார்லிஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "இதை எண்ணுவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. அது மேல இருக்கிறவங்க பாடு. பெட்டியில போடுறதை நான் தடுக்க மாட்டேன். ஆனா பின்னாடி எழுதணும்."

"தெரியும். வட்டம் போட்டு வச்சிருக்கார்."

வெர்னா பேனாவை நீட்டினாள். நனைந்த விரலில் பேனா வழுக்கியது. பெயர் என்ற இடத்தில் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, வாக்காளருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. மார்லிஸ் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வெர்னா இருமவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

'மகள்' என்று எழுதினாள். உறை மழையில் ஊறியிருந்ததால் பேனாவை அழுத்த வேண்டியிருந்தது. பெட்டியின் வாயில் சிக்கிக்கொண்ட உறையை உள்ளங்கையால் தட்டி இறக்கினாள்.

"உன்னோடது?"

"எட்டு மணி வரைக்கும் இருக்குல்ல?"

"இருக்கு."

கறித் தட்டை எடுக்க மறுபடி வண்டிக்கு வந்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே இந்த ஒன்பது நாள் மண்சாலைப் புழுதி படிந்திருந்தது. அதில் அவள் உறை மட்டும் தனியாகக் கிடந்தது. பக்கத்தில், அப்பாவின் உறை இருந்த இடம் தூசி இல்லாமல், நீள்சதுரமாகச் சுத்தமாக இருந்தது.

வெளியே வெண்டல் கறி எங்கே என்று கூப்பிட்டார். மார்லிஸ் தட்டை எடுத்துக்கொண்டு, காற்று உள்ளே போய்த் தூசியைக் கலைக்காதபடி கதவை மெதுவாகச் சாத்தினாள்.