ஐந்தாவது மாதிரி

மூன்றாவதாகத்தான் இருக்கும்… ஒதில் இருந்திருந்தால் மூன்றாவதைத்தான் காட்டியிருப்பாள், கோட்டைக்கூடக் கழற்றாமல், ஒரு விரலை நீட்டி, இது, என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்க் கையைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பாள் என்று லூசியான் நினைத்தான். மனைவி இறந்து எட்டு மாதம். அச்சுப் பட்டறைக் கொடியில் ஆறு அச்சு மாதிரிகள் தொங்கின, ஆறும் ஒரே செப்புத் தகட்டிலிருந்து வந்தவை, இரண்டு கறுப்புப் பட்டைகள், நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று, அவ்வளவுதான் அவன் படம். வித்தியாசம் மை துடைத்ததில் மட்டும். அச்சுக்கார ஒனோரே ஒவ்வொரு தடவையும் மை பூசிய தகட்டைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ துடைத்திருந்தார். ஒன்றைத் தேர்ந்து அதன் அடியில் பென்சிலால் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு ஐம்பது பிரதிகளும் அதைப் போலவே வர வேண்டும், அதுதான் பாரிஸ் பட்டறைகளின் வழக்கம். ஒரு வார்த்தை, ஒரு கையெழுத்து. அதற்கு ஒன்றரை மணி நேரமாக நிற்கிறானே…

"ஏம்பா, படம் பார்க்கிறியா, பஸ்ஸுக்கு நிக்கிறியா?" என்றார் ஒனோரே. "தாளெல்லாம் நேத்து சாயங்காலமே நனைச்சு அடுக்கியாச்சு. இன்னிக்கு ஓட்டலேன்னா பூஞ்சை பிடிக்கும். அப்புறம் உன் காலரிக்காரர்கிட்ட பூஞ்சையும் நவீன ஓவியம்தான்னு நீயே சொல்லிக்கோ."

"கொஞ்சம் இருங்க."

கொஞ்சம் என்றால் எவ்வளவு? போர் முடிந்து ஜெர்மனியில் கட்டாய வேலையிலிருந்து திரும்பி வந்தபோது அவனிடம் கறுப்பு மட்டும்தான் இருந்தது, வேறு நிறம் வாங்க முடியவில்லை என்பதும் ஒரு காரணம். நாற்பத்தெட்டில் முதல் கண்காட்சி, ஒன்றும் விற்கவில்லை. ஐம்பத்தொன்றில் ஒரு பத்திரிகைக்காரர், லூசியான் வொக்லேரின் கறுப்புக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும், என்று எழுதினார், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் படங்களை விற்க ஒரு காலரி வந்தது, அமெரிக்கர்கள் வந்தார்கள், செதுக்கு அச்சு போடுங்கள், எல்லோராலும் பெரிய ஓவியம் வாங்க முடியுமா என்றார்கள்… எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தது கறுப்புக்கு அல்ல. ஏணியில் நின்று அவன் தீட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, போதும், இறங்கு, என்பாள் ஒதில். இறங்குவான். இங்கேயும் அப்படித்தான், மதியம் ரொட்டியோடு வருவாள், விரலை நீட்டுவாள், அவன் கையெழுத்துப் போடுவான். ஒன்பது வருடம். ஒரு தடவையாவது மறுத்திருக்கிறானா? ஞாபகம் இல்லை. மறுக்கத் தோன்றியதா? அதுவும் ஞாபகம் இல்லை. இப்போது அந்த விரலை வரவழைக்கப் பார்த்தால் கோட்டின் பொத்தான்கள்தான் வருகின்றன, பழுப்பு, ஒன்று மட்டும் வேறு நூலில் தைத்தது. கண்ணை மூடித் திறந்தான். ஆறும் அப்படியே தொங்கின.

ஒனோரே பக்கத்தில் வந்து நின்றார். அவர் மேல் மையும் சுருட்டும் கலந்து வாடை அடித்தது.

"மதாம் ஒதில் இருந்தா மூணாவது," என்றார்.

"ஆமா."

"அப்போ மூணாவதைப் போட்டுட வேண்டியதுதானே?"

மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. கீற்று சுத்தமான வெள்ளை, பட்டைகளின் ஓரம் கத்தி போல. பென்சிலை எடுத்தான். காகிதத்தைக் கொடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். குனிந்தான். குனிந்தபோதுதான் தெரிந்தது, அவனுக்கு அது பிடிக்கவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, உப்பில்லாத சூப் பிடிக்காமல் போவதைப் போல. சுற்றிப் பார்த்தான், யாராவது கவனித்துவிட்டார்களா என்பது போல. ஐந்தாவதைப் பார்த்தான். அதில் கீற்று வெள்ளையாக இல்லை, சாம்பல் படிந்து, துடைக்காத ஜன்னல் மாதிரி…

"அது என்ன?" என்று கேட்டான்.

"அதை விடு. கரிக்காரன் கதவைத் தட்டினான், பாதித் துடைப்பில விட்டுட்டுப் போய்ட்டேன். வந்து அப்படியே ஓட்டிட்டேன். கிழிச்சுப் போட்டிருக்கணும்."

லூசியான் அதை எடுத்து மேசையில் வைத்தான், 'அச்சிடலாம்' என்று எழுதினான், கையெழுத்துப் போட்டான்.

ஒனோரே அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "நாற்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு தப்பை ஐம்பது தடவை ஒரே மாதிரி பண்ணணுமா நான்? ஒவ்வொரு தாளுக்கும் அந்தக் கரிக்காரனைக் கூப்பிட்டுக் கதவைத் தட்டச் சொல்லட்டா?"

"முடியாதா?"

"முடியாதுன்னு யாரு சொன்னா?" அவர் முறைத்துவிட்டுத் தகட்டைச் சூடாக்கும் மேடையில் வைத்தார். மை பூசினார், வலைத்துணியால் வட்டமாகத் துடைத்தார், பாதியில் நிறுத்தினார், நிறுத்துவது அவருக்கு வலித்தது போலிருந்தது. தகட்டை மேடையிலேயே அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். "இவ்வளவு போதுமா, முசியே வொக்லேர்?"

ஈரத் தாளின் வாடை. செம்பின் மேல் மெல்லிய படலம். அவளுக்கு இது பிடித்திருக்காது, இரண்டாம் தடவை பார்த்திருக்கவே மாட்டாள்.

"இன்னும் கொஞ்சம் அழுக்கா," என்றான்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. இந்த எட்டு மாதத்தில் அவனாக வேண்டும் என்று கேட்ட முதல் விஷயம் இதுவாக இருக்கலாம்… ஒன்பது வருடத்திலும் இதுதான் முதலோ, அப்படியானால் அவள் போனதால்தான் இதைக் கேட்க முடிந்ததோ. அந்த எண்ணத்தோடு அவன் நின்றான், ஒனோரே முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மை எடுத்தார்.